அறை இலக்கம் என்ன?

கோடை தொடங்கினால் மொன்றியலில் இருக்கிற தமிழ் வீடுகளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு கட்டாயம் வரும். கலியாணத்துக்கோ சாமத்திய வீட்டுக்கோ ரொறன்ரோவிலிருந்து வந்த சொந்தம் ஒன்று ஹோட்டலில் நிற்கும். "மச்சாள், இஞ்ச பெரிய பூல் ஒண்டு இருக்கு. பிள்ளையளுக்கு உடுப்பையும் எடுத்துக்கொண்டு பின்னேரம் வாங்கோ." உடனே இங்கேயிருந்து ஒரு குடும்பம் வானில் ஏறும். லாவலில் இருந்து இன்னொரு குடும்பம். லசாலில் இருந்து இன்னொன்று. பின்னேரம் ஐந்து மணிக்குப் பார்த்தால், நாலு பேரின் பெயரில் எடுத்த அறையின் கணக்கில் பதினேழு பேர் தண்ணீருக்குள் நிற்பார்கள்.

பிறகு நடப்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சட்டையில் பெயர்த் தகடு குத்திய ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வருவார். "அறை இலக்கம் என்ன?" என்று கேட்பார். பெரியாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாரோ ஒரு சித்தப்பா ஈரக்கையோடு அட்டையை நீட்டுவார். வந்தவர் தலைகளை எண்ணுவார். அதோடு சந்தோசம் முடிந்துவிடும். வீட்டுக்குத் திரும்பும்போது வானுக்குள் இரண்டு கட்சி. "நாங்கள் செய்தது பிழைதானே" என்று ஒரு கட்சி. "கறுத்தத் தோலைக் கண்டால் உவங்களுக்கு உடன கணக்குப் பாடம் ஞாபகம் வந்திடும்" என்று மற்றக் கட்சி.

இதென்ன ஒரு பெரிய விசயமோ, எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லையோ என்று நீங்கள் கேட்கக்கூடும். எனக்கு இது சின்ன விசயமாகத் தெரியவில்லை. இந்த இரண்டு கட்சியும் முப்பது வருசமாக ஒரே வானுக்குள் இருந்து சண்டை பிடிக்கின்றன. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிகளைப் பிரித்துப் பார்க்காததால்தான் நாங்கள் தேவையில்லாத இடத்தில் கூனிக் குறுகுகிறோம், வாய் திறக்கவேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். மொன்றியலுக்கு வந்த புதிதில், தொண்ணூறுகளில், நகர மத்தியில் ஒரு ஹோட்டலில் மூன்று வருசம் வேலை செய்தேன். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி நள்ளிரவுக்கு முடியும். நீச்சல் தடாகத்தடியில் நனைந்த துவாய்களைப் பொறுக்குவது, நிலம் துடைப்பது, குப்பை அள்ளுவது என்னுடைய வேலை. துவாய் பொறுக்குகிறவனுக்கு எத்தனை பேர் வந்துபோனார்கள் என்பது எல்லாருக்கும் முதல் தெரியும்!

முதலில் எங்கட பக்கத்தைப் பார்ப்போம்.

ஊரில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தேடி இன்னொருவர் வந்தால் அவரும் எங்கட விருந்தாளிதான். "நீங்கள் ஆர், ஏன் வந்தனீங்கள்" என்று கேட்கமாட்டோம். முதலில் ஒரு தேத்தண்ணி. இந்த நல்ல பழக்கத்தை நாங்கள் ஹோட்டலுக்கும் கொண்டுபோகிறோம். அறை எடுத்தவருக்கு அது தன்னுடைய வீடு மாதிரி. தன் வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட யாரைக் கேட்கவேண்டும்? "அறைக்குக் காசு குடுத்திருக்கிறம்தானே" என்பார்.

காசு கொடுத்தது உண்மை. ஆனால் எதற்குக் கொடுத்தார்? இத்தனை பேர் என்று பதிந்து, அத்தனை பேருக்குக் கட்டிலும் துவாயும் காலைச் சாப்பாடும் தடாகமும். அறைக்குள் வந்து இருந்து கதைக்கிற விருந்தாளியை எந்த ஹோட்டலும் பெரிதாகக் கேட்பதில்லை. தடாகம் அப்படி இல்லை. அது அறைக்காரர் எல்லாருக்கும் பொதுவானது. எங்கட வீட்டு முற்றம் இல்லை. ஒழுங்கைக்குள் பத்து வீட்டுக்குப் பொதுவாக இருக்கிற கிணறு மாதிரி. உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியை நீங்கள் அங்கே கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் மற்ற ஒன்பது வீட்டுக்கும் ஒரு சொல் சொல்லாமல் பதினேழு பேரைக் கொண்டுபோய் இறக்கமாட்டீர்கள்.

"ஆருமே இல்லாத பூல்தானே, தண்ணி குறைஞ்சு போகுதோ?" என்று ஒரு அண்ணர் என்னிடம் கேட்டார். தண்ணி குறையாது. ஆனால் ஹோட்டல்காரன் பயப்படுவது தண்ணீருக்கு இல்லை. 1994இல் நடைமுறைக்கு வந்த கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 1474ஆம் பிரிவு ஒரு முக்கியமான விசயத்தைச் சொல்கிறது. ஒருவருக்கு உடற்காயம் ஏற்படுத்தினால், அதற்கான பொறுப்பை எந்த வழியாலும் தட்டிக்கழிக்கவோ குறைக்கவோ முடியாது. "உங்கள் சொந்தப் பொறுப்பில் நீந்துங்கள்" என்று சுவரில் எத்தனை மொழியில் எழுதி ஒட்டினாலும், ஹோட்டலின் கவனக்குறைவால் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால் அந்தப் பலகை அவர்களைக் காப்பாற்றாது. அதனால்தான் உள்ளே எத்தனை பேர், யார் யார் என்று தெரிந்திருக்கவேண்டும் என்று நிற்கிறார்கள். தடாகத்தடியில் ஒரு எண்ணிக்கை எழுதியிருக்கும், அதிகமாக இத்தனை பேர் என்று. அதை ஒருவரும் எங்களை நினைத்து எழுதவில்லை.

அந்தப் பெயர்த் தகடு குத்தியவரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நான் இருக்கிற செயின்ட்-மிஷேல், ஹெயிற்றிக்காரரும் அல்ஜீரியா, மொறொக்கோக்காரரும் நிறைய இருக்கிற பகுதி. விடிய முதல் 67ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி மெற்றோவுக்குப் போகிற சனத்தில் பலர் ஹோட்டல்களில் கட்டில் விரிக்கிறவர்கள், நிலம் துடைக்கிறவர்கள், மேசையில் நிற்கிறவர்கள். பின்னேர வேலைக்கு நிற்கிற பிள்ளை பெரும்பாலும் படிக்கிற பிள்ளை. பதினேழு பேர் உள்ளே போனது முகாமையாளருக்குத் தெரியவந்தால் பேச்சு விழுவது அந்தப் பிள்ளைக்கு. ரொறன்ரோ சித்தப்பா அடுத்த நாள் 401 நெடுஞ்சாலையில் போய்விடுவார். துவாய் முடிந்துபோனால் கீழே சலவைக்கு ஓடுவது என்னைப் போன்ற ஒருவன். ஹோட்டல் முதலாளியை ஏமாற்றிவிட்டோம் என்று நாங்கள் நினைப்போம். முதலாளிக்கு அது தெரியவே தெரியாது. சுமை விழுவது எங்களைப் போன்ற ஒரு அகதியின் தோளில்.

அடுத்தது தண்ணீர். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

எங்கட குளிப்பு கிணத்தடிக் குளிப்பு. துலாவாலோ கப்பியாலோ அள்ளி ஊற்றுவோம். ஊத்தைத் தண்ணி வாய்க்காலால் ஓடி வாழைக்குப் போகும். கிணற்றுக்குள் யாரும் இறங்குவதில்லை. அதாவது, எங்கட உடம்பில் பட்ட தண்ணி இன்னொருவருக்குத் திரும்பிப் போவதில்லை. எண்ணெய் வைத்துக்கொண்டு போனாலும், வேர்வையோடு போனாலும் அங்கே ஒரு பிழையும் இல்லை. கழுவுவதற்குத்தானே போகிறோம். கீரிமலைக் கேணியில் இறங்கிக் குளித்தாலும் அது ஊற்றுத் தண்ணி. வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும்.

ஹோட்டல் தடாகம் அப்படி இல்லை. அதே தண்ணிதான் வடிகட்டி வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. கழுவிவிட்டுத்தான் இறங்கவேண்டும், கழுவுவதற்கு இறங்கக்கூடாது. தடாகத்தடியில் மூக்கில் அடிக்கிற அந்த மணத்தை நாங்கள் "குளோரின் கூடிப்போச்சு" என்கிறோம். உண்மையில் அது குளோரின் எங்கட வேர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகிற குளோரமைன் என்ற பொருளின் மணம். கண் சிவப்பதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். மணம் கூடினால் தண்ணி சுத்தம் என்று அர்த்தம் இல்லை, எதிர்மாறு. சாமத்திய வீட்டில் ஆடிக் களைத்து, தலையில் எண்ணெயும் ஸ்பிரேயும் உடம்பில் சந்தனமும் வேர்வையுமாகப் பத்துப் பேர் நேரே தண்ணீருக்குள் குதித்தால், அந்தக் கணக்கை ஒரு சின்ன ஹோட்டலின் வடிகட்டியால் சமாளிக்க முடியாது. பருத்தி ரீசேட்டோடும் சல்வாரோடும் இறங்கவேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பருத்தி நனைந்தால் பாரம் கூடி ஆளைக் கீழே இழுக்கும், நூலும் கழன்று வடிகட்டியை அடைக்கும். உடம்பை மூடி நீந்த விரும்புகிறவர்களுக்கு நீச்சல் துணியிலேயே முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடுப்பு எல்லாம் கடைகளில் இருக்கிறது. மானத்தையும் காப்பாற்றலாம், உயிரையும் காப்பாற்றலாம்.

உயிர் என்று சொன்னேன். நான் இதை எழுதுவதற்கு முக்கிய காரணமே அதுதான்.

1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். கனடாவில் எங்கட கதை தண்ணீரில் இருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். ஆனால் எங்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? கரையோரத்துச் சனத்தை விட்டுவிடுவோம், அவர்கள் கடலிலேயே வளர்ந்தவர்கள். மற்றவர்கள் கிணத்தடிக்காரர். நீந்தத் தெரியாத தகப்பன் நீந்தத் தெரியாத பிள்ளையை ஹோட்டல் தடாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். பல ஹோட்டல்களில் காவலுக்கு ஒரு லைஃப் கார்ட் நிற்பதில்லை. நாலு பிள்ளைகள் என்றால் தாய் தகப்பன் பார்த்துக்கொள்ளலாம். நாலு குடும்பத்துப் பதினொரு பிள்ளைகள் என்றால், எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு, ஒருவரும் பார்க்காமல் இருப்பார்கள். ஒரு பக்கம் ஊர்க்கதை, ஒரு பக்கம் வீடியோ, ஒரு பக்கம் கட்லட்.

தண்ணீரில் தாழுகிற பிள்ளை சத்தம் போடாது. படத்தில் வருவது போல் கை அடித்துக் கூப்பிடாது. தலை ஒருக்காத் தெரியும், பிறகு தெரியாது. சில நிமிசங்களில் எல்லாம் முடிந்துவிடும். நான் வேலை செய்த காலத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், நாலு வயதுப் பெடியன் ஒருவனை ஆழமான பக்கத்திலிருந்து தூக்கி எடுத்தவர், வேறு அறையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு மனுசி. பெடியன் இருமி அழத் தொடங்கிய பிறகுதான் அவனுடைய ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எந்த நாட்டுச் சனம் என்று நான் சொல்லப்போவதில்லை. அது எந்த நாட்டுச் சனத்துக்கும் நடக்கும். ஆனால் ஒளித்து உள்ளே வந்த கூட்டத்தில் அது நடந்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உதவி கேட்டு ஓடவேண்டிய ஆள், "பிடிபட்டிடுவமோ" என்று ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணம் பெரிய விலை.

சரி, இப்போது மற்றக் கட்சிக்கு வருவோம். தோலைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள் என்பவர்களின் கட்சி. அவர்களைச் சும்மா சந்தேகப் பிராணிகள் என்று நான் ஒதுக்கமாட்டேன். இந்த விசயத்தில் உலகச் சரித்திரம் அவர்கள் பக்கம்தான்.

ஹோட்டலில் தங்காதவர் ஹோட்டல் தடாகத்தில் இறங்கலாமா என்ற கேள்வி ஒரு காலத்தில் அமெரிக்காவையே உலுக்கியது. புளோரிடாவில் செயின்ட் ஒகஸ்டின் என்ற ஊரில் மொன்சன் என்று ஒரு மோட்டல் இருந்தது. 1964 யூன் 11ஆம் திகதி அங்கே சாப்பாடு கேட்டுப் போன மார்ட்டின் லூதர் கிங் கைது செய்யப்பட்டார். ஒரு கிழமை கழித்து, யூன் 18ஆம் திகதி, வெள்ளையர் இருவர் அங்கே முறைப்படி அறை எடுத்தார்கள். பிறகு கறுப்பின நண்பர்களோடு தடாகத்தில் இறங்கினார்கள். "நாங்கள் இங்கே தங்குகிறவர்கள், இவர்கள் எங்கள் விருந்தாளிகள்" என்றார்கள். எங்கட ரொறன்ரோ சித்தப்பா சொல்வது போலத்தான்! முகாமையாளர் ஜேம்ஸ் ப்ரொக், தடாகம் கழுவப் பயன்படுத்தும் அமிலத்தைக் கொண்டுவந்து அவர்கள் நின்ற தண்ணீருக்குள் ஊற்றினார். அத்தனை தண்ணீரில் அந்த அமிலம் ஒன்றும் செய்யாது என்று தெரிந்த ஒருவர், மற்றவர்களின் பயத்தைப் போக்கத் தடாகத் தண்ணியைக் குடித்துக் காட்டினார். கடைசியில் ஒரு பொலிஸ்காரர் தண்ணீருக்குள் பாய்ந்து அவர்களைக் கைது செய்தார். அந்தப் புகைப்படங்கள் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தன. அடுத்த நாள் அமெரிக்க செனற் சபை குடியியல் உரிமைச் சட்டத்தை 73க்கு 27 என்ற கணக்கில் நிறைவேற்றியது. யூலை 2இல் அது சட்டமானது. ஹோட்டல்களில் நிறம் பார்த்து ஆட்களை ஒதுக்குவதை அது தடைசெய்தது. அந்த மோட்டலை 2003இல் இடித்துவிட்டார்கள்.

கனடா திறம் என்று நினைக்கவேண்டாம். எங்கட மொன்றியலிலேயே, 1936 யூலையில், ஃபோறம் ஹொக்கி மண்டபத்தில் இருந்த யோர்க் மதுச்சாலையில் ஃபிரெட் கிறிஸ்ரி என்ற கறுப்பினத்தவருக்கு பியர் தர மறுத்தார்கள். அவர் வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றம் 25 டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டில் அது போய்விட்டது. 1939 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம், வியாபாரிக்குத் தான் விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அந்த நிலை மாற எத்தனையோ வருசம் எடுத்தது. 1975இல் கியூபெக் மனித உரிமைகள் சாசனம் நிறைவேறியது. அதன் 15ஆம் பிரிவு, பாகுபாடு காட்டி ஒருவரைப் பொது இடத்துக்குள் விடாமல் தடுக்கக்கூடாது என்று சொல்கிறது. எந்தெந்த இடம் என்று உதாரணம் சொல்லும்போது ஹோட்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மீறினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுக்கலாம். இது சலுகை இல்லை, சட்டம்.

அமிலம் ஊற்றியவனைப் பார்த்துக் கோபப்படுகிறபோது எங்கட முதுகையும் ஒருக்காத் தடவிப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் தண்ணிக்குச் சாதி இருந்தது. ஒரு கிணற்றில் அள்ள உரிமை இல்லாமல், உயர்சாதிக்காரர் யாராவது வந்து ஊற்றும் வரைக்கும் குடத்தோடு காத்துநின்ற சனம் எங்கட சனம்தான். கீரிமலைக்குப் பக்கத்திலேயே இருக்கிற மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகக் கேட்டபோது வாசலில் மறித்தவர்கள் வெள்ளைக்காரர் இல்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்து பதினொரு வருசத்துக்குப் பிறகு நடந்த கதை இது. "நீ ஆர், உன்ரை இடம் எது" என்று தண்ணீர்க் கரையில் நின்று கேட்கிற கேள்வியின் வலி எங்களுக்கு இரண்டு பக்கத்தாலும் தெரியும்.

அப்படியென்றால் "அறை இலக்கம் என்ன?" என்ற கேள்வியை எப்படி எடுத்துக்கொள்வது? என்னுடைய அளவுகோல் ஒன்றுதான். அந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்கிறார்களா? எல்லாரிடமும் கேட்டால் அது ஒழுங்கு. எங்களிடம் மட்டும் கேட்டால் அது பாகுபாடு.

நான் வேலை செய்த ஹோட்டலில் ஒரு மாரிகாலம் சின்னப் பெடியள்களின் ஹொக்கிப் போட்டிக்குப் பல குழுக்கள் வந்து நின்றன. தடாகத்துக்குள் முப்பது வெள்ளைப் பெடியள் கத்திக் குதித்துக்கொண்டு நின்றார்கள். யார் எந்த அறை என்று கடவுளுக்கே தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை. மூலையில் இரண்டு மண்ணிறப் பிள்ளைகள், அண்ணனும் தங்கையும், அமைதியாக விளையாடிக்கொண்டு இருந்தார்கள். முகாமையாளர் நேரே அவர்களிடம் போய் அறை இலக்கம் கேட்டார். பிள்ளைகள் பயந்து முழித்தார்கள். தகப்பன் வரும்வரைக்கும் வெளியே வந்து நிற்கச் சொன்னார். தகப்பன் வந்தார். இந்தியர் என்று நினைக்கிறேன். மூன்று நாள் தங்க வந்தவர். அட்டையைக் காட்டினார். சத்தம் போடவில்லை. முப்பது பெடியளையும் கையால் காட்டி, "அவர்களிடமும் கேட்டீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். முகாமையாளரின் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டார். துவாய்க் கூடையோடு நின்ற எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த மனுசனால் ஏன் அப்படிக் கேட்க முடிந்தது? அவருடைய கை சுத்தமாக இருந்தது. ஒளித்துப் போன பதினேழு பேருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வராது. உண்மையிலேயே அவர்களைத் தோலைப் பார்த்துத்தான் பிடித்திருந்தாலும், கேட்க வாய் வராது. ஒளித்துப் போவதால் வரும் பெரிய நட்டம் இதுதான். இருபது டொலரை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து, அநியாயம் நடந்தால் எதிர்த்துக் கேட்கிற உரிமையைக் கதவடியில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம்.

"உங்களாலதான் தமிழற்ற மானம் போகுது" என்று சில பெரியவர்கள் பிள்ளைகளை வெருட்டுவார்கள். அந்தக் கதையில் எனக்கு உடன்பாடு இல்லை. வெள்ளைப் பெடியன் ஹோட்டல் தடாகத்துக்குள் ஒளித்துப் போய்ப் பிடிபட்டால் அவனுடைய இனத்தின் மானம் போவதில்லை. அவன் குழப்படிக்காரன், அவ்வளவுதான். எங்கட பிள்ளை மட்டும் ஏன் ஒரு இனத்தின் பாரத்தையும் சுமந்துகொண்டு நீந்தவேண்டும்? கேட்டுவிட்டுப் போ என்று பிள்ளைக்குச் சொல்வதற்கு மானம் காரணம் இல்லை. வேலைக்கு நிற்கிற பிள்ளைக்காக, தண்ணீருக்குள் நிற்கிற பிள்ளைக்காக, நாளைக்கு நிமிர்ந்து கேள்வி கேட்பதற்காக.

கேட்பது பெரிய வேலையும் இல்லை. அறை எடுத்தவர் முதல் நாளே மேசைக்குப் போய், "என்னுடைய ஆட்கள் இத்தனை பேர், இத்தனை மணிக்கு வரலாமா, எவ்வளவு கட்டவேண்டும்?" என்று கேட்டால் முடிந்தது. வருகிறவர் கேட்கக்கூடாது, அழைத்தவர் கேட்கவேண்டும். அழைத்தவருக்குத்தான் அங்கே பெயர் இருக்கிறது. சில ஹோட்டல்கள் இரண்டு பேரைச் சும்மா விடும். சில ஹோட்டல்கள் ஒரு நாளுக்கென்று அனுமதி விற்கின்றன, இணையத்திலேயே வாங்கலாம். கொழும்பிலும் பல பெரிய ஹோட்டல்களில் தங்காதவர் காசு கட்டித் தடாகம் பாவிக்கிற வழக்கம் கனகாலமாக இருக்கிறது. அங்கே கட்டுகிறோம், இங்கே கட்ட ஏன் கூச்சம்? சில இடத்தில் முடியாது என்பார்கள். அதுவும் ஒரு பதில்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஹோட்டலில் நிற்கிறவர்களும் இதை மறக்கக்கூடாது. ஊர்ப் பிள்ளைகளை "வாங்கோ குளிப்பம்" என்று கூட்டிவந்து, வாசலில் காவலாளி மறிக்க அவர்கள் வெட்கப்பட்டு நிற்பதைவிட, முதலே கேட்டு அவர்களுக்கும் காசு கட்டிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவதுதான் மரியாதை.

போனால், வீட்டிலிருந்தே துவாய் கொண்டுபோங்கள். இறங்க முதல் சவர்க்காரம் போட்டுத் தலையோடு குளியுங்கள். கண்ணாடிப் போத்தல், சோற்றுப் பெட்டி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். ஒரு மணித்தியாலத்தில் வெளியே வாருங்கள். அறை எடுத்த வேறு ஆட்கள் வந்தால் இடம் விடுங்கள். முக்கியமாக, ஒரு பெரிய ஆளைப் பெயர் சொல்லிக் காவலுக்கு வையுங்கள். கையில் தொலைபேசியும் இல்லை, பியரும் இல்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளை மாற்றுங்கள். நீந்தத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு ஒரு கை எட்டுகிற தூரத்தில் ஒரு பெரிய ஆள் தண்ணீருக்குள்ளேயே நிற்கவேண்டும்.

பிள்ளைக்கு நீந்தப் பழக்குங்கள். கனடாவின் உயிர்காப்புச் சங்கம் மூன்றே மூன்று விசயத்தைக் குறைந்த அளவாக வைத்திருக்கிறது. ஆழமான தண்ணீருக்குள் உருண்டு விழுந்து மேலே வரவேண்டும். ஒரு நிமிசம் நின்ற இடத்தில் மிதக்கவேண்டும். 50 மீற்றர் நீந்தவேண்டும். இவ்வளவும் தெரிந்தால் தவறி விழுந்த பிள்ளை தப்பிவரும். பதக்கம் வாங்கத் தேவையில்லை.

அதைப் பழக ஹோட்டல் தேவையும் இல்லை. செயின்ட்-மிஷேலை வெளியாட்களுக்கு ஒரு கல்லுடைத்த குழியாகவும் குப்பைமேடாகவும்தான் தெரியும். மிறோன் கல்லுக்குழி குப்பைக் கிடங்காகி, இப்போது அதற்கு மேலே ஃபிரெடெரிக்-பாக் பூங்கா என்று புல் முளைத்திருக்கிறது. பணக்காரப் பகுதி இல்லை. ஆனால் கோடையில் ரெனே-குபில் பூங்காவிலும் பிரான்சுவா-பெரோ பூங்காவிலும் நகரசபையின் திறந்தவெளித் தடாகங்கள் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளினால் ஜாரி பூங்கா. காசு இல்லை. லைஃப் கார்ட் பிள்ளைகள் உயரக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மாரிகாலத்தில் நகரசபையின் உள்ளகத் தடாகங்களில் பொதுமக்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கும். ஹெயிற்றிப் பிள்ளையும் மக்ரெப் பிள்ளையும் எங்கட பிள்ளையும் ஒரே தண்ணீருக்குள் பிரெஞ்சில் சண்டை பிடிப்பார்கள். உங்களுடைய அப்பாவின் பெயர், சாதி, அறை இலக்கம் ஒன்றும் அங்கே யாரும் கேட்பதில்லை. தலையில் தண்ணி ஊற்றிவிட்டு வா என்று மட்டும் சொல்வார்கள்.

மச்சாள் இந்தக் கோடையும் ஹோட்டலில் இருந்து கூப்பிடுவா. போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "கேட்டனீங்களோ?" என்று ஒருக்காக் கேளுங்கள். "இல்லை" என்றால் பிள்ளைகளின் உடுப்புப் பையை மச்சாளின் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, அவர்களையும் ரெனே-குபிலுக்குக் கூப்பிடுங்கள். அங்கே பதினேழு பேரும் வரலாம்.